பயன்பாட்டில் இல்லாத கரை

காதில் மாட்டியிருந்த கருவிக்குள் அந்தப் பெண்ணின் குரல் இனிமையாகத்தான் இருந்தது. மந்திரி இந்தியில் சொல்லச் சொல்ல, எங்கோ ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவள் அதைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள், ஒரு சொல்லும் கசங்காமல், வானிலை அறிக்கை வாசிப்பதுபோல. "பயன்பாட்டில் இல்லாத கரைப்பகுதிகளை நாட்டின் வளர்ச்சிக்குக் கொண்டுவருவதே இந்த மசோதாவின் நோக்கம். அங்கே யாருக்கும் பட்டா கிடையாது. ஆகவே இதனால் யாரும் எதையும் இழக்கப்போவதில்லை." தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று லூர்து பிரகாசி கருவியை இன்னும் அழுத்திக்கொண்டாள். தப்பில்லை. பயன்பாட்டில் இல்லாத கரை. தொண்டையில் மீன் முள் சிக்கினால் வெறும் சோற்றை உருட்டி விழுங்கு என்பார்கள் ஊரில். இந்த முள் அப்படி இறங்குகிற முள் இல்லை. மக்களவையில், மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் கண் சொக்கிக்கொண்டிருந்த உறுப்பினர்களுக்கு நடுவே, அவள் எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். இன்னும் சற்று நேரத்தில் ஓட்டெடுப்பு. இந்த மசோதாவுக்கு ஆதரவாக அவள் ஓட்டுப் போட வேண்டும், அது கட்சியின் உத்தரவு. சிப்பித்துறைக் கரையில் பிறந்து, அந்தக் கரைக்காரர்களின் ஓட்டால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறவள், அந்தக் கரையை யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம் என்கிற சட்டத்துக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். பயன்பாட்டில் இல்லையாம். நெத்திலி காய்வது எங்கே? கிழிந்த வலை பொத்துவது எங்கே? படகை ஏற்றி வைப்பது மந்திரி வீட்டு மொட்டை மாடியிலா? அவள் கல்யாணத்துக்கு எந்த வீட்டிலும் இடம் காணாமல் அந்த மணலில்தான் பந்தி போட்டார்கள். காற்று சுழற்றி அடித்ததில் சோற்றில் மணல் விழுந்து, கடிக்கும் ஒவ்வொரு வாயிலும் நறநறவென்றது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தபோது அம்மா, "எங்க ஊர் உப்பு அப்படித்தான் கொஞ்சம் கட்டியா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். அதே மணலில் அம்மா மீன் ஏலம் கூறிய தொண்டைதான் தனக்கும் வந்தது, அந்தத் தொண்டையை நம்பித்தான் அனுப்பினார்கள், இன்று அந்தத் தொண்டைக்கு இங்கே வேலையில்லை. பேச நேரம் கேட்டாள், கொடுக்கவில்லை. கட்சிக்குக் கிடைத்த சில நிமிஷங்களை மேற்கு மாவட்டத்துக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு, கடலையே பார்க்காத குரலில், மசோதாவை வரவேற்றுவிட்டு உட்கார்ந்தார்.

காலையில் அண்ணன் கூப்பிட்டான். கித்தேரியான் ஊர்க்கமிட்டித் தலைவன், இன்றைக்கும் கடலுக்குப் போகிறவன்; போனில் பேசினாலும் நடுக்கடலில் அடுத்த படகைக் கூப்பிடுவதுபோல்தான் பேசுவான். "ஏட்டி பிரகாசி, இன்னைக்கித்தானாமே? டிவில சொல்லுதான். நீ என்ன செய்யப்போற?" அவள் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான்: "அலையத் தடுக்கக் கல்லு தாரோம்னு பேரம் பேசுவான். கரைய வித்துட்டுக் கல்லு வாங்காத, கேட்டியா? கல்லு இன்னைக்கி வரும், நாளைக்கி வரும். கரை போச்சுன்னா போச்சு. அப்புறம் கல்லுக்குள்ள கெடக்கது அவன் கரை, நம்ம கரை இல்ல." அவள் "பாக்கேன்ணே" என்றாள். "என்னத்தப் பாக்க? நீ பாக்கதுக்கா உன்ன அனுப்புனோம்?" என்று வைத்துவிட்டான். வைத்த சூட்டோடு வியாகுலம் கூப்பிட்டாள். வியாகுலம் அவளோடு கான்வென்ட்டில் படித்தவள், ஒரே பெஞ்சு, ஒரே பேன். இப்போது தலைச்சுமையாக மீன் விற்கிறாள். கடைசித் தெருவில் இருக்கிறாள். கடைசித் தெரு என்று இப்போது சொல்கிறார்கள், பிரகாசி சின்னப்பிள்ளையாக இருந்தபோது அதற்குக் கிழக்கே இன்னும் தெருக்கள் இருந்தன, அவற்றையெல்லாம் கடல் எடுத்துவிட்டது. "பிரகாசி, பின்சுவரு விழுந்துட்டு. தார்ப்பாயக் கட்டி வச்சிருக்கேன். உள்ள மக பிள்ள பெத்துக் கெடக்கா. கள்ளக்கடல் வரும்னு நோட்டீசு ஒட்டிருக்கான், பௌர்ணமி வேற." கள்ளக்கடல் என்றால் காற்றும் இருக்காது மழையும் இருக்காது, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், கடல் மட்டும் சத்தமில்லாமல் ஏறி வந்து வீட்டுக்குள் நிற்கும். "உங்கண்ணன் என்னென்னமோ சொல்லுதாரு, சட்டம்ங்காரு, உரிமைங்காரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ கல்ல வாங்கிக் குடுத்துரு. மத்தத அப்புறம் பாப்போம். என்ன, கேக்குதா?" கேட்டது. இப்போதும் கேட்கிறது. மந்திரியின் குரல், அதன் மேல் அந்தப் பெண்ணின் தமிழ், அதன் மேல் அண்ணன், எல்லாவற்றுக்கும் அடியில் அலை வந்து அலை போவதுபோல் வியாகுலத்தின் 'கேக்குதா'. யாருக்கு நான் உறுப்பினர்? இரண்டு பேருக்கும்தான். இரண்டு பேரும் சொல்வது சரி. இரண்டு சரியையும் ஒரு விரலால் எப்படி அழுத்துவது?

கல் என்பது தூண்டில் வளைவு. கடலுக்குள் தூண்டில்போல் வளைத்துக் கல்லைக் கொட்டினால் அலையின் வேகம் உடையும், மணல் சேரும், மிச்சமிருக்கும் வீடுகள் மிஞ்சும். இந்தப் பதவியில் அவள் உருப்படியாகச் செய்த வேலை ஒன்று உண்டென்றால் அது இதுதான். எத்தனை அறைவாசல், எத்தனை அதிகாரி, எத்தனை முறை 'அடுத்த வாரம் வாருங்கள் மேடம்'. அவர்கள் கொடுத்த தேநீரையெல்லாம் சேர்த்து ஊற்றினால் ஒரு குளம் நிறையும். வராத கல்லுக்காக ஊரில் வசவு வாங்கினாள். போன மாதா திருவிழாவில் சப்பரத்துக்குப் பின்னால் நடந்து போகும்போது யாரோ ஒருத்தி கூட்டத்திலிருந்து, "தாயே, எம்.பி.க்காவது கல்லு நெஞ்சு இருக்கு, எங்களுக்குக் கல்லே இல்ல" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், பிரகாசியும் சிரித்தாள், அந்தச் சிரிப்பு இன்னமும் தாடையில் வலிக்கிறது. இப்போது கல் வருகிறது. ஆளவந்தார்தான் சொன்னார். ஆளவந்தார் கட்சியின் கொறடா, யார் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வயதானவர், கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. மதியம் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து, "என்னம்மா, தயிர்சாதத்தப் பெசஞ்சிக்கிட்டே இருக்கீங்க, சாப்பிடற மாதிரி தெரியலையே" என்றார். "உங்க கல்லு முடிஞ்சிருச்சு. மந்திரியே என்கிட்ட சொல்லிட்டாரு. மசோதா நல்லபடியா நிறைவேறட்டும், மறுவாரம் உத்தரவு வரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க வேண்டாம்னு போட்டாலும் மசோதா நிக்கப்போறதில்ல. ஆளுங்கட்சிகிட்ட போதுமான ஆள் இருக்கு. உங்க ஒரு ஓட்டுல ஒரு புல்லும் அசையாது. ஆனா உங்க பதவி போயிரும், கட்சி விடாது. கல்லும் போயிரும். யோசிச்சுப் பாருங்கம்மா, அந்தப் பொம்பளைங்களுக்கு எது நல்லதுன்னு." அதில் மிரட்டல் இல்லை. மிரட்டியிருந்தால் எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள், அம்மாவின் தொண்டை இருக்கிறதே. அவர் அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. தயிர்சாதத்தை அவளால் சாப்பிடவே முடியவில்லை.

மந்திரி உட்கார்ந்தார். மேசைகள் தட்டப்பட்டன. எதிர்வரிசையிலிருந்து யாரோ எழுந்து ஓட்டெடுப்பு வேண்டும் என்று கத்த, சபாநாயகர் ஏதோ சொல்ல, கட்டிடம் முழுக்க மணி அடிக்கத் தொடங்கியது. வெளியே இருப்பவர்களை உள்ளே அழைக்கிற மணி, அது நின்றதும் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். போய்விடலாம். எழுந்து, வயிறு சரியில்லை என்று வெளியே போய் நின்றுவிட்டால்? கதவைச் சாத்திவிடுவார்கள், நான் அந்தப் பக்கம், எது நடந்தாலும் நான் இல்லை. ஓட்டுப் போடாதவளையும் கட்சி கேட்கும், அண்ணனும் கேட்பான், நீ அந்நேரம் எங்கட்டி போன என்று. எதிரே சின்னப் பலகையில் பொத்தான்கள்: பச்சை என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை, மஞ்சள் என்றால் எதுவுமில்லை. மஞ்சள். மஞ்சளை அழுத்தலாமே. மஞ்சளை அழுத்திவிட்டு ஊருக்குப் போய் என்ன சொல்வாய்? நான் உங்களுக்கு ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்றா? பச்சையை அழுத்து. அழுத்திவிட்டுக் கல் லாரி வரும்போது முன்னால் நின்று மாலை வாங்கிக்கொள். வியாகுலம் அழுவாள், சந்தோஷத்தில். அவள் மகள் பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூப்பிடுவார்கள். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ கம்பிவேலி வரும், கல்லுக்கு இந்தப் பக்கம், சேர்ந்த மணலின் மேல். ஒரு பலகை நிற்கும், உள்ளே வரக்கூடாது என்று. அன்றைக்கு வியாகுலம் கூப்பிட்டு, இதென்ன பிரகாசி என்று கேட்பாள். கேட்கட்டும், அன்றைக்கு வீடாவது இருக்கும் கேட்பதற்கு. அப்படியென்றால் பச்சைதான். பச்சைதான் என்று சொன்னதும் ஏன் அந்தக் கம்பிவேலியே கண்ணில் நிற்கிறது? சரி, சிவப்பை அழுத்து. அழுத்தினால் நாளைக்கே அண்ணன் போஸ்டர் அடிப்பான், கடல் மகளே, சிங்கமே என்று. அந்தப் போஸ்டரை வியாகுலம் எந்தச் சுவரில் ஒட்டிப் பார்ப்பாள்? தனக்கு அந்தப் போஸ்டர் மேல் ஆசை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இருந்தது. கொஞ்சம் இருந்தது. பதவி மேலும் ஆசை இருந்தது: தான் நுழைந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்கிற மனிதர்கள், வெள்ளைக் கார், 'மேடம் வந்தாச்சு' என்று போனில் யாரோ யாருக்கோ சொல்வது. மாதாவே, நான் சுத்தமாக இல்லை, எந்தப் பக்கம் போனாலும் என் அழுக்கு என்னோடு வருகிறது, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன். மணி நின்றது. கதவுகள் சாத்தப்படும் ஓசை கேட்டது, ஒன்றன்பின் ஒன்றாக, ஊரில் கள்ளக்கடல் வரும்போது பெண்கள் கதவை அடைப்பதுபோல, அடைத்து என்ன புண்ணியம் என்று தெரிந்தும் அடைப்பதுபோல.

எப்படி ஓட்டுப் போடுவது என்று சபாநாயகர் மேசையிலிருந்து விளக்கினார்கள். காதில் அந்தப் பெண் அதையும் சொன்னாள்: முதல் ஒலி கேட்டதும் இரண்டு கைகளாலும் அழுத்த வேண்டும், ஒரு கை ஓட்டுக்கான விசையில், மறு கை விரும்பும் நிறத்தில், இரண்டாம் ஒலி கேட்கும்வரை கையை எடுக்கக் கூடாது. ஆளவந்தார் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார், அவளை மட்டும் அல்ல, கட்சிக்காரர் எல்லாரையும். ஆனால் அவளிடம் வந்ததும் கண் கொஞ்சம் நின்றது. அவள் தலையசைத்தாள். சரி என்றுதான் அசைத்தாள், அதில் பொய் இல்லை, அந்த வினாடியில் அவள் பச்சைக்காரிதான், வியாகுலத்தின் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொள்வது காதில் கேட்டது, அதற்குப் பின்னால் ஒரு பச்சைப்பிள்ளை. விரல் பச்சையின் மேல் போய் உட்கார்ந்தும்விட்டது. முதல் ஒலி எழுந்தது. யாரும் எதையும் இழக்கப்போவதில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, அந்தப் பெண் இப்போது பேசவில்லை, மந்திரியும் பேசவில்லை. யாரும் எதையும் இழக்கப்போவதில்லை. அப்படியானால் அங்கே யாரும் இல்லை. ஏலம் கூறியவள் இல்லை, சோற்றில் மணலைக் கடித்தவள் இல்லை, சுவர் விழுந்தவளும் இல்லை. இல்லாதவளுக்குக் கல் எதற்கு? இல்லாதவள் எழுந்து கேட்டால் யாருக்குக் கேட்கும்? அடி பாவி, பச்சையை அழுத்தினால் அவர்கள் சொன்னதற்கு நீயும் ஆமாம் என்கிறாய், இந்த ஊரே இல்லை என்பதற்கு ஊர்க்காரியே சாட்சி. விரல் நகர்ந்தது. நினைத்து நகர்த்தினாளா, தானாக நகர்ந்ததா, பிறகு எத்தனையோ பேர் கேட்டபோதும் அவளால் சொல்ல முடியவில்லை. சிவப்பு கடினமாக இருந்தது, பச்சையைவிடக் கடினமாக, அல்லது அவளுக்குத்தான் அப்படித் தோன்றியது. இப்போதும் எடுக்கலாம். எடுத்து மாற்றலாம், இன்னும் இரண்டாம் ஒலி வரவில்லை. எடு என்றது ஒரு மனம், எடுக்காதே என்றுகூட மறு மனம் சொல்லவில்லை, அது வெறுமனே கையை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தது, பாரம் ஏற்றிய வலையைப் பிடித்தவன் உள்ளங்கை அறுபட்டாலும் விடத் தெரியாமல் பிடித்திருப்பதுபோல. இரண்டாம் ஒலி எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர் தொட்டு, "முடிஞ்சிருச்சு மேடம்" என்றபோதுதான் கையை எடுத்தாள்.

பெரிய திரையில் எண்கள் வந்தன. ஆளவந்தார் சொன்னது சரி. ஒரு புல்லும் அசையவில்லை. மசோதா நிறைவேறியது, மேசைகள் தட்டப்பட்டன, மந்திரியைச் சுற்றிக் கூட்டம். ஆளவந்தார் திரையில் எதையோ தேடுவதும், கண்டுபிடிப்பதும், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் இங்கிருந்தே தெரிந்தது. வெளிக்கூடத்தில் அவர் அவளை எதிர்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. "தப்பா அழுத்திட்டேன்னு சொல்லுங்கம்மா" என்றார் மெதுவாக. "கை தவறிருச்சுன்னு எழுதிக் குடுங்க. நான் தலைவர்கிட்ட பேசறேன். ஒங்க கல்லையும் பேசி வாங்கிரலாம், அது என் பொறுப்பு." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கை தவறிவிட்டது. எவ்வளவு எளிதான வழி, எவ்வளவு பக்கத்தில், பின்சுவரும் பதவியும் ஒரே வார்த்தையில் திரும்பி வந்துவிடும். "கை தவறல சார்" என்றாள். சொன்ன பிறகுதான் அது உண்மையென்று அவளுக்கே தெரிந்தது. "அப்போ கல்லு போச்சும்மா" என்றார் அவர், துக்க வீட்டில் சொல்வதுபோல, சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

அண்ணனைக் கூப்பிட்டால் கொண்டாடுவான், இன்றைக்கு அதைக் கேட்கக் கூடாது. அவள் ஒரு தூணோரமாகப் போய் நின்று வியாகுலத்தைக் கூப்பிட்டாள். வெகுநேரம் அடித்துத்தான் எடுத்தாள்.

"சொல்லு பிரகாசி. முடிஞ்சிட்டா? கல்லு எப்ப எறங்குது?"

"வியாகுலம், நான் வேண்டாம்னு போட்டுட்டேன். கல்லு வராது."

அந்தப் பக்கம் அலைச் சத்தம் போனுக்கு மிக அருகில் கேட்டது. "வராதுன்னா? இந்த மாசம் வராதா?"

"என்னால இனி வராது. என் பதவியே இருக்குமான்னு தெரியல."

"அப்ப அந்தச் சட்டம்? அத நிறுத்திட்டியா?"

"இல்ல. அது நிறைவேறிட்டு."

பிரகாசி கண்ணை மூடிக்கொண்டு வசவுக்காகக் காத்திருந்தாள். "அப்ப ரெண்டும் போச்சு" என்றாள் வியாகுலம், கூடையில் எத்தனை மீன் மிச்சம் என்று சொல்வதுபோல. பிறகு, "எதுக்குட்டி அப்படிச் செஞ்ச?"

"அந்தக் கரையில யாருமே எதையும் இழக்கப்போறதில்லன்னு சொன்னாவ, வியாகுலம். நாம அங்கன இல்லவே இல்லங்கது மாதிரி. எனக்குப் பொறுக்கல."

குழந்தை சிணுங்கியது. "உனக்குப் பொறுக்கல" என்றாள் வியாகுலம். அதில் குற்றச்சாட்டு இருந்ததா, பிரகாசிக்குத் தெரியவில்லை, கேட்கவும் துணிவில்லை. "சரி. தண்ணி அடுப்புக்கிட்ட வந்துட்டு. நான் சாமானத்த எடுக்கணும்."

போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். அணைக்க மறந்துவிட்டாள். பிரகாசி அணைக்கவில்லை. கோட்டும் தொப்பியும் அணிந்த மனிதர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு கடந்துபோன அந்தக் கூடத்தில் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்: பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டன, கட்டிலை யாரோ சிமெண்டுத் தரையில் இழுத்தார்கள், "பிள்ளையத் தூக்கு, முதல்ல பிள்ளையத் தூக்கு" என்று வியாகுலம் மகளிடம் சொன்னாள். பிறகு பேச்சுக்குரல் விலகிப் போய், தண்ணீர் மட்டும் வீட்டுக்குள் நடமாடுகிற சத்தம்.